இளையோரைப் பாராட்டும் முறை

ஆண்டிறுதி நெருங்கினால் நம் தமிழ்ப்பள்ளிகளில் பரிசளிப்பு விழாப் பேச்சு எழுந்துவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் கூடுவர். கோப்பைகள் எத்தனை, சான்றிதழ்கள் எத்தனை, விருந்தினர் யார், பந்தல் செலவு என்ன என்று கணக்கிடுவர். முன்பெல்லாம் அக்கூட்டங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் ஐயம் எழுந்ததே இல்லை. யாருக்கு முதல் மாலை என்பதே அது. ஆறாம் ஆண்டுத் தேர்வில் எல்லாத் தாளிலும் ‘ஏ’ பெற்றவர் எவரோ, அவருக்கே மாலை. அவர் படமே தோட்டத்து வாயிற் பதாகையில். அவர் பெயரே நாளேட்டில்.

1988-ஆம் ஆண்டு முதல் நடந்துவந்த அந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு, 2020-இல் தொற்றுநோய் காரணமாக நடைபெறவில்லை. 2021 ஏப்ரலில் அது முற்றாக நீக்கப்பட்டதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. அதன் பின்னர் நடந்த சங்கக் கூட்டமொன்றில் ஒரு தந்தையார் எழுந்து, “தேர்வே இல்லையென்றால் பிள்ளைகளில் யாரைப் பாராட்டுவது?” என்று கேட்டார். கேள்வி எளிது, விடை எளிதன்று. அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவருக்குக் காலந்தாழ்த்திச் சொல்லும் விடை.

சொல் காட்டும் பொருள்

‘பாராட்டு’ என்ற சொல்லையே முதலில் நோக்குவோம். இன்று அதற்குப் புகழ்ச்சி என்ற ஒரு பொருளையே மேடைகளில் கேட்கிறோம். தமிழ் வழக்கிலோ அதன் பொருள் விரிந்தது. குழந்தையைச் ‘சீராட்டிப் பாராட்டி வளர்த்தாள்’ என்கிறோம். ஈண்டுப் பாராட்டுதல் என்பது கொஞ்சிப் பேணி வளர்த்தலாகும். ‘நட்புப் பாராட்டுதல்’, ‘உறவு பாராட்டுதல்’, ‘நன்றி பாராட்டுதல்’ என்றும் சொல்கிறோம். ஒருநாள் கைகுலுக்கிப் பிரிந்தவனை நட்புப் பாராட்டினான் என்று எவரும் சொல்லார். இடைவிடாது நினைந்து, போற்றி, கைவிடாது காத்தலே அங்கே பொருள். ‘பகைமை பாராட்டுதல்’ என்னும் தீய வழக்கிலும் இந்த இடைவிடாமைக் கருத்தே நிற்கிறது.

ஆகவே, பாராட்டு என்பதனுள் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன: நன்றைக் கண்டு சொல்லுதல்; பேணி வளர்த்தல்; தொடர்ந்து நினைத்தல். மாலை சூட்டுவது முதற்கூறு மட்டுமே. மற்ற இரண்டும் இல்லாதவிடத்து மாலை வாடுவதற்கு முன்பே பாராட்டு வாடிவிடுகிறது.

நூல்கள் காட்டும் நெறி

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை ஆசிரியர்கள் அறிவர். தொல்காப்பியம் குறிப்பாகச் சுட்டிய ஒரு துறையிலிருந்து வளர்ந்து, ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழில் தனி நூலாகிக் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் உச்சம் எய்திய வகை அது. பாட்டியல் நூல்கள் குழந்தையின் மூன்றாம் திங்கள் முதல் இருபத்தோராம் திங்கள் வரையுள்ள காலத்தைப் பத்துப் பருவங்களாக வகுக்கின்றன. திங்கட்கணக்கில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு, முறை ஒன்றே.

அம்முறையில் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. செங்கீரைப் பருவத்தில் குழந்தை தலையெடுத்து அசைவதே பாட்டுக்குப் பொருள். சப்பாணியில் இருகையும் சேர்த்துக் கொட்டுவதே பெருஞ்செயல். வருகைப் பருவத்தில் தளர்நடையிட்டு வருவதே வெற்றி. செங்கீரை ஆடும் குழந்தையிடம், ‘நீ இன்னும் நடக்கவில்லையே’ என்று எந்தப் புலவரும் குறை கூறவில்லை. அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுப் பாடவும் இல்லை. நேற்றுவரை இயலாத ஒன்று இன்று இக்குழந்தைக்கு இயன்றது என்பதே புகழுக்குப் போதிய காரணம். பருவத்துக்கேற்ற செயலைப் பருவத்திலேயே கண்டு போற்றுதல் என்ற இக்கல்விக் கொள்கையை நம் முன்னோர் இலக்கிய இலக்கணமாகவே அமைத்துவிட்டனர்.

இனி, உண்மையிலேயே அரியதைச் செய்த இளைஞனை எவ்வாறு புகழ்வது? அதற்குப் புறநானூற்றில் 77-ஆம் பாட்டைக் காண்க. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் மிக இளையனாய்ப் போர்க்களம் புகுந்ததை இடைக்குன்றூர்கிழார் பாடுகிறார். கிண்கிணி களைந்த காலில் கழல்; வளை கழித்த கையில் வில்; மார்பிலோ சிறுவர்க்குரிய தாலி இன்னும் நீங்கவில்லை; பால் உணவை விட்டுச் சோறு உண்டதும் அன்றுதான். இவ்வளவு இளமையைச் சொன்ன புலவர் இறுதியில் எதைப் புகழ்கிறார்? எதிர்த்து வந்தவரைக் கண்டு அவன் வியக்கவும் இல்லை, இகழவும் இல்லை. அவரை வென்று வீழ்த்தியபின் மகிழ்ந்து தருக்கவும் இல்லை. வெற்றியைச் சொல்லி, வெற்றிக்குப் பின் நின்ற அடக்கத்தையும் சொல்லி முடிக்கிறார். நம் விழாமேடைகளில் பதினொரு வயதுப் பிள்ளையை ‘மேதை’ என்றும் ‘சிகரம்’ என்றும் விளிக்கும் அன்பர்கள் இப்பாட்டை ஒருமுறை படித்தபின் பேசுவாராயின் நன்று.

அதே நூலின் 312-ஆம் பாட்டில் பொன்முடியார் கடமைகளைப் பங்கிட்டுக் காட்டுகிறார். பெற்று வளர்த்தல் தாய்க்கு, சான்றோனாக்குதல் தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுத்தல் கொல்லனுக்கு, நல்வழி அமைத்தல் வேந்தனுக்கு. இவ்வளவும் நிறைந்த பின்னரே இளைஞனின் கடமை வருகிறது. ஓர் இளைஞனின் வெற்றியில் ஊரார் அனைவருக்கும் பங்குண்டு என்பது இதனால் பெறப்படும். பங்குண்டு என்றால் பொறுப்பும் உண்டு.

மலாயா மண்ணில் நடந்தது

பழைய நூல்களோடு நிறுத்தவேண்டியதில்லை. இந்நாட்டிலேயே, நம் பாட்டன்மார் காலத்திலேயே, இளையோரைப் பாராட்டி வளர்த்த முயற்சிகள் உண்டு.

1924-இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளேட்டில் 1950-ஆம் ஆண்டையொட்டிக் ‘கதை வகுப்பு’ என்ற பகுதி நடந்தது. சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் புனைபெயர் பூண்டு அதனை நடத்தினர். சிறுகதை எழுதுவது எப்படி என்று ஏட்டிலேயே பாடம் சொன்னார்கள். பயிற்சி கொடுத்தார்கள், வந்த எழுத்துகளைத் திருத்தினார்கள், தேறியவரைத் தரம் கூறி அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்ட இளைஞனுக்கும் அஞ்சல் வழியே ஓர் ஆசிரியர் கிடைத்தார். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியை எழுதுவோர் இவ்வகுப்பைக் குறிப்பிடாமல் கடந்து செல்வதில்லை.

ஜொகூருக்குக் கடற்பாலத்தின் மறுகரையில், சிங்கப்பூரில், 1935-இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ வேறொரு வழி கண்டது. அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி (1903–1974) 1950-களின் தொடக்கத்தில் ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியை மாணவர்க்கென்றே ஒதுக்கினார். சிங்கப்பூர் 1965-இல் தனி நாடாவதற்கு முந்திய காலம் அது. மலாயா, சிங்கப்பூர் இரண்டிலுமுள்ள மாணவர்கள் அதில் எழுதினர். ஏட்டில் தொடங்கிய மன்றம் ஏட்டோடு நிற்கவில்லை. ஊர்தோறும் மன்றங்கள் அமைந்தன. மாணவராய் இருந்தோர் இளைஞரானபோது அது தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் என்னும் இயக்கமாகக் கிளைத்தது. அதே சாரங்கபாணி 1952 முதல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாளை நடத்தி, அதனையும் இளையோர் திறம் காட்டும் களமாக்கினார்.

இம்முயற்சிகள் வெற்றிபெற்ற காரணத்தை ஆராய்ந்தால் மூன்று தெளிவாகும். முதலாவது, நுழைவாயில் தாழ்வாக இருந்தது. பத்து வரி எழுதத் தெரிந்த பிள்ளைக்கும் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. இரண்டாவது, ஆண்டுக்கொரு நாள் என்றில்லாமல் மீண்டும் மீண்டும் வாய்ப்பு வந்தது. இவ்வாரம் வராத எழுத்து அடுத்த வாரம் வரலாம். மூன்றாவது, பெரியவர் ஒருவர் அதைப் படித்தார். பரிசு கொடுப்பவர் பலர். படித்துத் திருத்திக் கொடுப்பவர் சிலர். பிள்ளையை வளர்த்தவர் அச்சிலரே.

இங்கு இன்னொன்றும் நினைவுகூரத் தக்கது. 1950-களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்விக்கு இடம் வேண்டி எழுந்த கிளர்ச்சியின்போது, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. பல்கலைக்கழகத்தின் வாயிலைக்கூடக் கண்டிராத எளிய மக்களும் அதற்குக் கொடுத்தனர். 1956-இல் இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. அவர்கள் பணம் கொடுத்தது தமக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் வெற்றிக்காக அன்று. இன்னும் பிறவாத பிள்ளைகளின் வெற்றிக்காக. வெற்றி பெற்ற பின் கைதட்டுவது ஒன்று. வெற்றிக்கு முன் வழியமைப்பது வேறொன்று. பொன்முடியார் வேந்தனுக்கு வகுத்த கடமையைத் தோட்டத்து மக்கள் செய்தனர்.

தேர்வுப் பட்டியலின் காலம்

பின்னர் நாம் மெல்ல மெல்லத் தேர்வுப் பட்டியலுக்குச் சுருங்கினோம். தமிழ்ப்பள்ளி மாணவர் பல ஆண்டுகள் ஏழு தாள் எழுதினர். 2016-இல் ஆங்கிலம் இரு தாளானதும் எட்டாயிற்று. அவ்வாண்டு தேர்வு முறையும் மாறியது; நாடு முழுவதிலும் எல்லாத் தாளிலும் ‘ஏ’ பெற்றோர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தனர். அதுவரை மேடை நிறையப் பிள்ளைகளை ஏற்றிய பள்ளிகள் அவ்வாண்டில் வெறும் மேடையைக் கண்டன. பிள்ளைகள் ஒரே ஆண்டில் மாறிவிடவில்லை, அளவுகோலே மாறியது. அப்போதே நாம் சிந்தித்திருக்க வேண்டும்.

பட்டியலை நான் பழிக்க வரவில்லை. ‘தமிழ்ப்பள்ளியில் படித்தால் முன்னேற முடியுமா?’ என்று நம்மவரே ஐயுற்ற காலத்தில் அப்பட்டியல் நமக்கு ஒரு கேடயமாக நின்றது. நாளேட்டில் வந்த படங்களைக் கண்டு தம் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்த பெற்றோரை நான் அறிவேன். ஆயினும் கேடயம் ஒரு பக்கத்தைக் காக்கும்போது மறுபக்கத்தை மறைக்கவும் செய்யும்.

என் தவறு ஒன்றை ஈண்டுச் சொல்லியாக வேண்டும். 2003-ஆம் ஆண்டு, நான் ஒரு தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியன். பன்னிரண்டு பிள்ளைகள் தேர்வெழுதினர். ஒருவன் ஏழு ‘ஏ’ பெற்றான். தோட்ட மண்டபத்தில் விழா எடுத்தோம். அவனுக்கு மாலை, சைக்கிள், பண முடிப்பு. மற்றப் பதினொருவரையும் சீருடையில் வரிசையாக உட்காரவைத்துக் கைதட்டச் சொன்னவன் நானே. விழா முடிந்து நாற்காலி அடுக்கும்போது ஒரு தாய் அருகில் வந்து, “ஏன் சார், எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அப்பெண் நான்காம் ஆண்டில் என்னிடம் வந்தபோது தமிழில் ஒரு வரியைத் தடையின்றிப் படிக்க இயலாதவள். இரண்டாண்டுகள் நாள்தோறும் பள்ளி முடிந்தபின் அமர்ந்து படித்தாள். தமிழ்த் தாள் இரண்டிலும் ‘சி’ பெற்றுத் தேறினாள். என் வகுப்பில் அவ்வாண்டு மிக நெடுந்தொலைவு நடந்தவள் அவளே. அதை அறிந்தவன் நான் ஒருவனே. நானே அதை மேடையில் சொல்லவில்லை. எந்தப் பட்டியலும் என் வாயைக் கட்டவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவே. அத்தாய்க்கு அன்று என்ன மறுமொழி கூறினேன் என்பது நினைவில்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் நினைவிலிருந்து நீங்கவில்லை.

ஆய்வு கூறுவது

எதைப் புகழ்கிறோம் என்பது பிள்ளையின் வருங்கால உழைப்பையே மாற்றும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியா மியூலர், கேரல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியப் பயிற்சியில் அடிக்கடி பேசப்படுவது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிய புதிர்களைக் கொடுத்து, செய்து முடித்ததும் சிலரை ‘நீ அறிவாளி’ என்றும், சிலரை ‘நன்கு உழைத்தாய்’ என்றும் புகழ்ந்தனர். அடுத்துக் கடினமான புதிர்களைக் கொடுத்தனர்; எல்லாரும் இடறினர். மூன்றாம் முறை மீண்டும் எளியவற்றைக் கொடுத்தபோது, உழைப்புக்காகப் புகழப்பட்டோர் முன்னிலும் நன்றாகச் செய்தனர். அறிவுக்காகப் புகழப்பட்டோர் முன்னிலும் தாழ்ந்தனர். தம் மதிப்பெண்ணைப் பிறரிடம் கூட்டிச் சொன்னவரும் அறிவுக்காகப் புகழப்பட்டோரிடையேதான் மிகுதி. பிற்கால ஆய்வுகள் விளைவின் அளவைப் பற்றி வேறுபட்டாலும், புகழ்ச்சி வெறும் இனிப்பு அன்று, அது பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய ஒரு கருத்தையும் புகட்டுகிறது என்பதை ஆசிரியர் எவரும் தம் வகுப்பிலேயே காணலாம். ‘நீ அறிவாளி’ என்று கேட்ட பிள்ளைக்குத் தோல்வி, ‘நான் அறிவாளி அல்லன்’ என்று பொருள்படுகிறது. ‘நீ உழைத்தாய்’ என்று கேட்ட பிள்ளைக்கோ, ‘இன்னும் உழைக்கவேண்டும்’ என்று பொருள்படுகிறது.

இனிச் செய்யத்தக்கவை

ஆறாம் ஆண்டுத் தேர்வு நீங்கியபின் வகுப்புசார் மதிப்பீட்டில் பிள்ளையின் தேர்ச்சி ஆறு நிலைகளில் குறிக்கப்படலாயிற்று. பெற்றோர் பலர் ஆறாம் நிலையைப் பழைய ‘ஏ’யின் இடத்தில் வைத்துப் பார்க்கின்றனர். இது பழைய பட்டியலுக்குப் புதிய பெயர் சூட்டுவதாகும். நிலைகளின் பயன் வேறு. இவ்வாண்டு எந்நிலை, சென்ற ஆண்டு எந்நிலை என்று ஒரே பிள்ளையின் இரு தாள்களை அருகருகே வைத்துப் பார்க்க அவை உதவும். இரண்டிலிருந்து நான்குக்கு வந்தவளும் மேடைக்கு உரியவளே.

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை 150 மாணவர்க்கும் குறைந்தவை. ஜொகூரின் உட்பகுதித் தோட்டப் பள்ளிகள் பலவும் அவ்வகையின. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் ஜொகூர் பாரு, மாசாய், பாசிர் கூடாங் பக்கம் வேலை தேடிப் போய்விட்டதனால் வந்த நிலை இது. இதனை ஒரு குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். பாராட்டும் வேலைக்கு மட்டும் இதுவே வசதி. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் நகரப் பள்ளியில் ஒவ்வொருவர் வளர்ச்சியையும் தலைமையாசிரியர் அறிவது அரிது. ஐம்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் அறியாமலிருப்பதே அரிது.

செய்முறையாக நான்கு சொல்வேன்.

ஒன்று, சான்றிதழில் செயலை எழுதுக. ‘சிறந்த மாணவர்’ என்பது எதையும் சொல்லவில்லை. ‘இவ்வாண்டில் பத்துக் கதைகளைத் தம்பி தங்கையர்க்குப் படித்துக் காட்டினான்’, ‘பெருக்கல் வாய்பாட்டைப் பிழையின்றிக் கற்றாள்’ என்று எழுதினால், அத்தாளைப் பத்தாண்டுகள் கழித்து எடுத்துப் பார்ப்பவருக்கும் பொருள் விளங்கும்.

இரண்டு, ஒப்பீட்டைப் பிள்ளைக்குள்ளேயே நிறுத்துக. முதல்வர், இரண்டாமவர் என்ற வரிசை போட்டிகளுக்கு உரியது. அதற்கு வேறு களங்கள் உள்ளன. கல்வி அமைச்சின் செந்தமிழ் விழாவும், மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவும், பள்ளிகளுக்கிடையிலான ஆட்டங்களும் படிப்படியாக ஏறிச் செல்ல வழி தருகின்றன. அங்கு வென்ற பிள்ளையை வென்றவன் என்றே பாராட்டுவோம். ஆனால் அவனோடு பயிற்சிக்கு வந்து, தேர்வு பெறாமல், மேளமோ மட்டையோ சுமந்து சென்ற பிள்ளையின் பெயரையும் உடன் சொல்வோம்.

மூன்று, பள்ளிக்கு வெளியே நிகழ்வதையும் கணக்கில் எடுக்க. தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்குச் செல்லும் வீடுகளில், தம்பியைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கு அழைத்து வரும் பத்து வயதுப் பெண் செய்வதும் ஒரு செயலே. ஒன்றை மட்டும் கவனிக்க: வறுமையை மேடையேற்றிப் பிள்ளையை நாணச் செய்துவிடலாகாது. செயலைச் சொல்லுக; குடும்பத்தின் துன்பத்தைச் சொல்லாது விடுக.

நான்கு, விழாவுக்குப் பின்னும் தொடர்க. இதுவே அரிய பகுதி. ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி வழியாகக் கற்கத் தொடங்கும் முதல் இரண்டாண்டுகளே வழுக்கும் இடம். மாலை சூட்டிய பள்ளி அப்போது அவனை மறந்துவிடுகிறது. ஆண்டுக்கு இருமுறை பழைய மாணவரை அழைத்து, தேநீர் கொடுத்து, என்ன படிக்கிறாய், எதில் இடர்ப்படுகிறாய் என்று கேட்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. எழுத்தார்வம் உள்ளவர்க்கு நாளேடுகளின் மாணவர் பகுதிகளும், மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்திவரும் சிறுகதைப் போட்டியும் உண்டென்று சொல்லலாம். சொல்வதோடு நில்லாமல், அனுப்புமுன் ஒருமுறை படித்துத் திருத்திக் கொடுக்கலாம். கதை வகுப்பு நடத்திய இருவரும் செய்தது அதுவே. அதற்கு ஓர் ஆசிரியரும் ஒரு சிவப்பு மையெழுதுகோலும் போதும்.

முடிவுரை

மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர் தந்தை மகனுக்குச் செய்யும் நன்றியைச் சொல்லும்போது, அவையில் முந்தியிருக்கச் செய்தல் என்கிறார். அடுத்த குறளில், மக்களின் அறிவுடைமை பெற்றோரைவிட உலகத்து உயிர்க்கெல்லாம் இனியது என்கிறார். ‘செயல்’ என்ற சொல்லை முன்னதில் வைத்துப் படிக்கவேண்டும். மகனை அவையில் முந்தியிருக்கச் சொல்வதன்று தந்தையின் கடன், முந்தியிருக்கும்படி செய்வது. அவை என்பதும் ஒரே ஒரு நாற்காலி போட்ட இடம் அன்று.

“தேர்வே இல்லையென்றால் யாரைப் பாராட்டுவது?” என்று கேட்ட அன்பருக்கு இப்போது விடை கூறுவேன்: ஐயா, பாராட்டத் தக்க பிள்ளையைத் தேர்வு நமக்குக் காட்டிக்கொண்டிருந்தவரை நாம் தேடாமல் இருந்துவிட்டோம். இனித் தேட வேண்டும். அது ஆசிரியன் வேலை. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் ஒரு வரி எழுதிக் கொண்டுவருகிறேன். நீங்கள் உங்கள் வரிசையில் வாழும் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்ததை எழுதிக் கொண்டு வாருங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தபின் கோப்பை எத்தனை என்று கணக்கிடுவோம்.